டிரைக்கோபிளாக்ஸ்: உலகின் மிக எளிய விலங்கைக் கண்டுபிடித்து, வளர்த்து, புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வெப்பக் கடல்களின் கரையோரங்களில் பரவலாக ஒரு விலங்கு வாழ்கிறது. அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. முன்பக்கம் பின்பக்கம், இடம் வலம் எதுவும் கிடையாது. மேல், கீழ் என்ற வித்தியாசம் மட்டும் உண்டு. அதிகம் போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் வளரும். தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். பெயர் டிரைக்கோபிளாக்ஸ் அடேரன்ஸ். பிளாக்கோசோவா என்ற தனித் தொகுதியைச் சேர்ந்தது.

இதைப் பற்றிப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பரிணாம மரத்தில்தான் தொடங்குகிறார்கள். விலங்குகளின் மூதாதை இதுவா இல்லையா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் உயிரைப் பிடியுங்கள், அது சாப்பிடுவதையும் பிரிவதையும் பாருங்கள், அப்புறம் மரபணுவுக்குப் போங்கள். மரம் கடைசியில் வரட்டும். இப்படிச் சொல்வதற்கு இந்த விலங்கின் வரலாறே காரணம்.

முதலில், அறுபது வருடம் தொலைந்துபோன கதை

1883-இல் பிரான்ஸ் எய்ல்ஹார்ட் ஷுல்ட்ஸே என்ற விலங்கியலாளர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் இது ஊர்வதைக் கண்டு விவரித்தார். சரியாகப் பார்த்து, சரியாக எழுதினார். ஆனால் 1907-இல் திலோ க்ரும்பாக் என்பவர், இது தனி விலங்கே இல்லை, ஜெல்லி மீனின் உறவான ஒரு சிறிய ஹைட்ரோசோவாவின் இளம்பருவம்தான் என்று அறிவித்தார். பாடநூல்கள் அதை ஏற்றுக்கொண்டன. விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்து உயிரைத் திரும்பப் பார்ப்பதையே பெரும்பாலோர் நிறுத்திவிட்டார்கள்.

1969-இல் செங்கடலில் இருந்து வந்த பாசி மாதிரியில் ஜெர்மனியின் கார்ல் கோட்லீப் க்ரெல் இதை மறுபடி கண்டெடுத்து, வளர்த்து, முட்டை உண்டாவதையும் பார்த்தார். முட்டை போடுவது இளம்பருவமாக இருக்க முடியாது. 1971-இல் பிளாக்கோசோவா என்ற புதிய தொகுதியை அவர் முன்வைத்தார். அவர் பிரித்தெடுத்த அந்த ஒற்றை உயிரின் வழித்தோன்றல்கள் பிரிந்து பிரிந்து இன்றும் பல ஆய்வகங்களில் உயிரோடு இருக்கின்றன. 2008-இல் முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டது அந்த வழியில் வந்த உயிர்களில்தான்.

படி 1: கண்ணாடியைத் தொங்கவிடுங்கள்

கடலில் இறங்கித் தேடினால் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியும் அளவுதான் என்றாலும், பாசி படிந்த கல்லின் மேல் ஒளி ஊடுருவும் சாம்பல் நிறத் துணுக்கு ஒன்றை யாராலும் பிரித்தறிய முடியாது. அதனால் அது தானாக வந்து ஏறும்படி ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

நுண்ணோக்கிக் கண்ணாடி ஸ்லைடுகள் அடுக்கி வரும் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, இரு பக்கமும் வெட்டித் திறந்துவிடுங்கள். நீர் உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும், ஸ்லைடுகள் விழக் கூடாது. அலை அடிக்காத, ஓரளவு நிழலான இடத்தில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். படகுத்துறை, மிதவை, அலையாத்திக் காடுகளின் ஓரம் எல்லாம் நல்ல இடங்கள். சேறு அதிகம் படியும் இடம் வேண்டாம். பத்து முதல் பதினைந்து நாள் விட்டுவிடுங்கள். முதல் சில நாளில் கண்ணாடியில் பாக்டீரியாவும் பாசியும் மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலத்தை மேயத்தான் டிரைக்கோபிளாக்ஸ் வருகிறது. சீக்கிரமே எடுத்தால் படலம் இருக்காது. ரொம்பத் தாமதித்தால் கடற்பாசியும் குழாய்ப் புழுக்களும் மூடி எதையும் பார்க்க முடியாமல் போய்விடும்.

கடலுக்குப் போக வழியில்லாதவர்கள் பவளப்பாறை மீன் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் ஸ்லைடு போட்டுப் பார்க்கலாம். வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டிகளில் இது அடிக்கடி குடியேறிவிடுகிறது. மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டியில் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தியக் கரையில் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பவளத்தையோ பவளக் கல்லையோ எடுத்துவந்து தேட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே எதையும் தொடக் கூடாது. கண்ணாடி ஸ்லைடு முறையின் அழகே அதுதான், எதையும் பெயர்க்காமல் தேடிவிடலாம்.

படி 2: இதுதானா என்று பார்ப்பது

ஸ்லைடைக் காற்றில் காயவிடாமல் அதே கடல்நீரில் மூழ்கவைத்துக் கொண்டுவந்து, நீர் நிரம்பிய பெட்ரி தட்டில் வையுங்கள். பின்னணி கறுப்பு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து. இந்த இரண்டையும் சரி செய்தாலே பாதி வேலை முடிந்தது. நேர்மேலே விளக்கு வைத்தால் கண்ணாடி மட்டும்தான் தெரியும். இருபது முதல் நாற்பது மடங்கு பெரிதாக்கும் சாதாரண ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும்.

வெளிறிய சாம்பல் நிறத்தில், வட்டமும் இல்லாமல் நீள்வட்டமும் இல்லாமல், கண்ணாடியோடு ஒட்டிய ஒரு தட்டையான துணுக்கைத் தேடுங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் விளிம்பு ஓரிடத்தில் நீளும், இன்னோரிடத்தில் உள்வாங்கும். பெரிய அமீபா என்றே முதலில் தோன்றும். தட்டைப்புழுவோடும் குழம்பலாம். தட்டைப்புழுவுக்குத் தலை உண்டு, பெரும்பாலும் கண்புள்ளியும் உண்டு, திரும்ப வேண்டுமென்றால் உடலைத் திருப்பும். டிரைக்கோபிளாக்ஸ் திரும்புவதே இல்லை. வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது அப்படியே நின்று, உடலைத் திருப்பாமல் இடப்பக்கம் போகத் தொடங்கும். எந்த விளிம்பும் முன்விளிம்பாகலாம். இந்த ஒரு குணத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இருக்காது.

மேல்பக்கத்தில் ஆங்காங்கே ஒளியை வாரித் தெறிக்கும் சிறு உருண்டைகள் தெரியலாம். அவை தற்காப்புக்கானவை என்று கருத இடமிருக்கிறது. இரை பிடிக்கும் ஹைட்ராய்டுகள் (ஜெல்லி மீனின் சிறு உறவினர்கள்) டிரைக்கோபிளாக்ஸைத் தொட்டதும் செயலிழந்துபோவது சோதனையில் தெரியவந்தது.

ஆனால் எந்த இனம் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஹாங்காங்கில் கிடைத்த ஹோய்லுங்கியா ஹாங்காங்கென்சிஸ் நுண்ணோக்கியில் டிரைக்கோபிளாக்ஸ் மாதிரியேதான் இருக்கும். மரபணுத்தொகுதியை ஒப்பிட்ட பிறகுதான் 2018-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் மத்தியதரைக் கடலில் இருந்து விவரிக்கப்பட்ட பாலிபிளாக்கோடோமா மட்டும் விதிவிலக்கு. அது கிளைவிட்டு நீண்டு ஒரு சென்டிமீட்டர் வரை போகும்.

படி 3: தட்டில் வளர்ப்பது

விலங்கை மென்மையான பைப்பட் நுனியால் தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடியிலிருந்து கிளப்பி, உறிஞ்சி, சுத்தமான கண்ணாடிப் பெட்ரி தட்டுக்கு மாற்றுங்கள். கீறி எடுக்க வேண்டாம். உப்புத்தன்மை லிட்டருக்கு 35 கிராம் அளவில், வெப்பநிலை 22 முதல் 25 டிகிரிக்குள், மிதமான வெளிச்சம். மூடிவைத்தாலும் நீர் ஆவியாகி உப்பு ஏறும், அதனால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அவ்வப்போது பார்த்து, காய்ச்சி வடித்த நீர் சேருங்கள். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றினால் போதும்.

தீனிதான் முக்கியம். ஆய்வகங்களில் ரோடோமோனாஸ் என்ற செந்நிற ஒருசெல் பாசியை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அது தட்டின் அடியில் படிந்துகொள்ளும், விலங்கு அதன் மேல் ஊர்ந்து மேயும். கிடைக்காதபோது இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்க்கும் டெட்ராசெல்மிஸ், நானோகுளோராப்சிஸ் போன்ற பச்சை நிறப் பாசிகளின் கலவையையும் முயலலாம். எதுவானாலும் குறைவாகப் போடுங்கள். பாசி அளவுக்கு மீறி அழுகினால் ஒரே இரவில் தட்டு முழுக்கச் செத்துவிடும். விலங்குகள் தட்டையாக, விளிம்பு நன்றாக விரிந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தால் நலமாக உள்ளன என்று அர்த்தம். சுருண்டு, நீரின் மேற்பரப்புக்கு ஏறி மிதந்தால் நீரில் ஏதோ கோளாறு, உடனே மாற்றுங்கள்.

படி 4: வாயில்லாமல் சாப்பிடுவதைப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

செந்நிறப் பாசி தூவிய தட்டில் ஒரு விலங்கை விட்டுப் பாருங்கள், முடிந்தால் கீழிருந்து பார்க்கும் நுண்ணோக்கியில். அடிப்பக்கத்துச் செல்களில் பெரும்பாலானவற்றில் சிலியா எனப்படும் நுண்மயிர் இருக்கிறது. அவை அடித்து அடித்து உடலை நகர்த்துகின்றன. பாசியின் மேல் வந்ததும் விலங்கு நின்றுவிடும். நுண்மயிர்களும் நின்றுவிடும். சில நொடிகளில் உடலுக்கு அடியிலிருக்கும் பாசிச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பது தெரியும். உள்ளிருந்த செந்நிறம் வெளியே கசிந்து பரவும்.

அடிப்பக்கத்தில் லிப்போஃபில் எனப்படும் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சுரப்புத் துளி தயாராகக் காத்திருக்கும். கவனிக்க வேண்டியது, எல்லா லிப்போஃபில் செல்லும் துளியை விடுவதில்லை. எந்தச் செல்லுக்கு நேர் கீழே பாசி இருக்கிறதோ அது மட்டும்தான் விடுகிறது. ஆனால் நுண்மயிர்கள் உடல் முழுவதும் நிற்கின்றன. ஏன் நிற்க வேண்டும்? அவை தொடர்ந்து அடித்தால் வெடித்த பாசியின் சாறு வெளியே அடித்துச் செல்லப்பட்டுவிடும். உடல் அசையாமல் மூடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், உடலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான அந்த மெல்லிய இடுக்கே வயிறாகிவிடுகிறது. சாறு உறிஞ்சப்படுகிறது. பிறகு நுண்மயிர்கள் மறுபடி அடிக்கத் தொடங்கும், விலங்கு நகர்ந்துவிடும், வயிறு மறைந்துவிடும்.

நரம்பே இல்லாத உடலில் 'நில்' என்ற செய்தி எப்படி எல்லாச் செல்களுக்கும் போகிறது? விளிம்பருகே உள்ள சுரப்பிச் செல்கள் வெளிவிடும் சிறு புரதத் துண்டுகள், அதாவது பெப்டைடுகள், இதற்குப் பொறுப்பு என்று 2017-இல் காட்டினார்கள். அந்தப் பெப்டைடைச் செயற்கையாகத் தயாரித்து நீரில் கலந்தால் பாசி இல்லாமலேயே விலங்கு நிற்கிறது. அடுத்த வருடம் வெவ்வேறு பெப்டைடுகளைச் சோதித்தபோது ஒன்று சுருங்க வைத்தது, ஒன்று தட்டையாக்கியது, ஒன்று சுழல வைத்தது, ஒன்று தரையிலிருந்தே கிளப்பியது. நம் நரம்புகளும் பெப்டைடுகளை அனுப்புகின்றன. இங்கே கம்பி இல்லை, செய்தி மட்டும் இருக்கிறது.

படி 5: செல் வகைகளை எண்ணுவது

2014-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அலசியபோது வடிவத்தில் வேறுபட்ட ஆறு செல் வகைகள்தான் கிடைத்தன. மேல்தோல் செல், அடித்தோல் செல், லிப்போஃபில், சுரப்பிச் செல், நடுவில் கிளைகளோடு இருக்கும் நார்ச் செல், விளிம்பருகே உள்ள படிகச் செல். நம் உடலில் நூற்றுக்கணக்கில் உண்டு.

படிகச் செல்லைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே நல்ல உருப்பெருக்கத்தில் தேடிப் பார்க்கலாம். உள்ளே ஒரு சின்னஞ்சிறு கட்டி. அது ஆரகோனைட், பவளத்தை ஆக்கும் அதே சுண்ணாம்புப் பொருள். தட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் அந்தக் கட்டி செல்லுக்குள் கீழ்நோக்கி நகர்கிறது. படிகச் செல் இல்லாத விலங்குகளுக்கு எது மேல் எது கீழ் என்ற உணர்வு போய்விடுகிறது. நம் காதுக்குள்ளும் சமநிலைக்கான சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே தேவைக்கு ஒரே மாதிரியான தீர்வு இரண்டு முறை தனித்தனியாகவும் தோன்றலாம்.

வடிவத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்தபோது படம் மாறியது. 2023-இல் வெளியான ஆய்வில் பெப்டைடு சுரக்கும் செல்கள் மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிந்தன. அவற்றில் இயங்கும் மரபணுக்கள் பல, மற்ற விலங்குகளின் நரம்புச் செல்களில் இயங்குபவைதான்.

படி 6: பிரிவதையும் வெட்டுவதையும் கவனிப்பது

நல்ல தீனி கிடைத்தால் சில நாளுக்கொரு முறை விலங்கு இரண்டாகிறது. இரு பாதியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். நடுவில் ஓர் இழை நீண்டு மெலிந்து, சில சமயம் மணிக்கணக்கில் நீடித்து, அறும். கூர்மையான ஊசியால் நீங்களே வெட்டினாலும் இரண்டு துண்டும் விளிம்பை மூடிக்கொண்டு மேயப் போய்விடும். சில நேரம் மேல்பக்கத்திலிருந்து சிறு உருண்டை மொட்டுகள் பிரிந்து நீரில் மிதந்து போகும். ஒரு கண்ணாடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவ இதுவும் ஒரு வழி.

படி 7: மரபணுவைப் படிப்பது

2008-இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. மரபணுத்தொகுதி சிறியது, சுமார் 9.8 கோடி எழுத்துகள், மனிதனுடையதில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 11,500. ஈயிடம் ஏறத்தாழ 14,000, நம்மிடம் 20,000 அளவில். உடலில் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி மிகக் குறைவு.

என்னென்ன மரபணுக்கள் என்பது இன்னும் வியப்பு. நரம்பு இல்லை, ஆனால் நரம்பிணைப்பில் வேலை செய்யும் புரதங்களின் மரபணுக்கள் இருக்கின்றன. தசையை இயக்க உதவும், கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் வாயில்களின் மூன்று பெருவகையும் இருக்கின்றன. செல்களுக்கு அடியில் விரியும் அடிச்சவ்வு கண்ணில் படவில்லை, அதைக் கட்டும் கொல்லாஜனின் மரபணு இருக்கிறது. வளரும் கருவில் உறுப்புகளின் இடத்தைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு மரபணுவும் இருக்கிறது, உறுப்புதான் இல்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நரம்புக்கான கருவிகள் நரம்பு தோன்றும் முன்பே வேறு வேலைக்காக இருந்தன என்பது ஒன்று. சிக்கலான உடல் கொண்ட மூதாதையிடமிருந்து வந்து, தேவையில்லாததை இழந்து இப்படி எளிமையானது என்பது இன்னொன்று. எது சரி என்று மரபணுப் பட்டியல் மட்டும் சொல்லாது. அதற்குத்தான் மரம் வேண்டும்.

படி 8: இப்போது மரத்துக்கு வருவோம்

1884-லேயே ஓட்டோ பூச்லி ஒரு யோசனை சொன்னார். முதல் விலங்கு இரண்டு அடுக்கு கொண்ட ஊரும் தட்டு, உணவின் மேல் நடுப்பகுதியை உயர்த்தி ஒரு குழி உண்டாக்கியது, அந்தக் குழியே பின்னால் குடலானது. படி 4-இல் பார்த்த தற்காலிக வயிற்றை நினைத்துப் பாருங்கள். இந்த யோசனை ஏன் இத்தனை காலம் ஈர்க்கிறது என்று புரியும்.

ஈர்க்கிறது என்பதற்காக உண்மையாகிவிடாது. டிரைக்கோபிளாக்ஸ் ஒரு மூதாதை அல்ல. அதன் வழியும் நம் வழியும் பிரிந்த பிறகு இரண்டும் ஒரே அளவு காலம்தான் ஓடியிருக்கின்றன. இன்று அது ஏன் இப்படி இருக்கிறது என்பதைத் தனியாகத்தான் விளக்க வேண்டும்.

2008-இன் மரபணு ஒப்பீடு, கடற்பஞ்சுகள் முதலில் பிரிந்தன, அப்புறம் பிளாக்கோசோவா, பிறகு ஜெல்லி மீன் வகையும் நாம் சேர்ந்த இருபக்கச் சமச்சீர் விலங்குகளும் என்று வைத்தது. 2018-இல் வந்த ஓர் அலசல் பிளாக்கோசோவாவை ஜெல்லி மீன், பவளம் சேர்ந்த கிளைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தது. அது சரி என்றால் எளிமை பின்னால் வந்த இழப்பு என்ற வாதம் வலுக்கிறது.

அடிக்கிளை எது என்பதிலும் சண்டை உண்டு. உடலில் நரம்பு உள்ள சீப்பு ஜெல்லிகள்தான் (ஜெல்லி மீன் போலத் தோன்றும் வேறொரு கூட்டம்) முதலில் பிரிந்தன என்று 2008 முதல் பல ஆய்வுகள் சொன்னன. 2023-இல் வேறொரு வழியில் சோதித்தார்கள், எந்த மரபணு எந்தக் குரோமோசோமில் எதனோடு சேர்ந்திருக்கிறது என்று. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி, மரபணுக்கள் உள்ளே கலைந்துவிட்டால், ரவையில் சர்க்கரை கலந்த மாதிரி, பழையபடி பிரியாது. கடற்பஞ்சு, பிளாக்கோசோவா, ஜெல்லி மீன், நாம் எல்லோரும் சில பொதுவான கலப்புகளைச் சுமக்கிறோம். சீப்பு ஜெல்லிகளிடமும் விலங்குகளின் ஒருசெல் உறவினர்களிடமும் அந்தக் கலப்புகள் இல்லை. எனக்கு இது வலுவான சான்றாகத் தெரிகிறது. கடற்பஞ்சுதான் முதல் என்று வாதிடுகிறவர்களும் தொடர்கிறார்கள்.

புதைபடிவம் உதவுமா? சுமார் 55.8 கோடி வருடம் பழமையான டிக்கின்சோனியா என்ற தட்டையான உடலின் தடங்கள் ஆஸ்திரேலியாவிலும் ரஷ்யாவின் வெண்கடல் கரையிலும் கிடைக்கின்றன. நுண்ணுயிர்ப் படலத்தின் மேல் அது இருந்து, நகர்ந்து, மறுபடி இருந்த பதிவுகள் உண்டு. அடிப்பக்கத்தால் சாப்பிட்டது என்ற முடிவுக்கு இது இடம் தருகிறது, அதனால் 2010-இல் அதைப் பிளாக்கோசோவாவோடு இணைத்து ஒரு கருத்து வந்தது. 2018-இல் வெண்கடல் படிவங்களில் கொலஸ்டிரால் எச்சம் கிடைத்து அது விலங்குதான் என்பது உறுதிப்பட்டது. ஆனால் டிக்கின்சோனியாவுக்கு முனைகள் வேறுபட்ட, ஒழுங்கான வளர்ச்சி உண்டு. சாப்பிடும் விதம் ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்ல நான் தயங்குவேன்.

படி 9: முட்டை கண்ணில் பட்டால்

தட்டில் கூட்டம் பெருகி, தீனி தீர்ந்து, வெப்பநிலை 23 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சில விலங்குகள் தட்டையான வடிவத்தை இழந்து குவிந்து, உள்ளே உருண்டையான ஒரு முட்டையைத் தாங்கும். கரு பிளக்கத் தொடங்கும். ஆனால் ஆய்வகத்தில் எந்தக் கருவும் சுமார் 128 செல் நிலையைத் தாண்டி வளர்ந்ததில்லை. கடலில் பாலினப் பெருக்கம் நடப்பதற்கான தடயம் மரபணுக்களில் இருக்கிறது, முழுமையான குஞ்சுப் பருவத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அதில் குடல் மாதிரி ஏதாவது தோன்றி மறைகிறதா, நரம்பு மாதிரி செல்கள் வந்து போகின்றனவா என்று தெரிந்தால், படி 7-இல் விட்ட கேள்விக்கே பெரிய உதவி.

அதனால் அப்படி ஒரு தட்டு அமைந்தால் கழுவிவிடாதீர்கள். நீரை மாற்றாமல், நாள், வெப்பநிலை, உப்பு அளவு, கடைசியாக எந்தப் பாசி எப்போது போட்டீர்கள் என்பதை எழுதி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள். தாய் உடல் சிதைந்த பிறகும் கருவை அதே தட்டில் விட்டுத் தொடர்ந்து பாருங்கள்.